மரவாளும் மெய்வாளும்: ஊவாத் தோட்டக் கூத்தின் படைக்கலங்கள்

புறநானூற்றின் 95ஆம் பாடல் ஒரு படைக்கலக் கொட்டிலின் வாயிலில் பிறந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவ்வரசன் தன் ஆயுதச் சாலையைப் பெருமிதத்துடன் காட்டினான் என்பது அப்பாடலின் பின்னணி. அழகுபடுத்தி, நெய் பூசி, காவலுடன் பேணப்பட்ட அப்படைக்கலங்களைக் கண்ட புலவர், தம் தலைவனின் வேல்களோ சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இகழ்ந்த அந்நயம் தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. பேணிக் காட்டப்படும் ஆயுதத்துக்கும் கையாளப்படும் ஆயுதத்துக்கும் இடையிலான வேறுபாட்டினை இத்துணைக் கூர்மையாக உணர்த்தும் பழம்பாடல் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

ஔவையார் எழுப்பிய வினா போர்வாளுக்கு உரியது. போருக்கென்றே செய்யப்படாத வாள்கள் திறத்து அவ்வினா எவ்வாறு அமையும்? கூத்துக் களத்தில் ஏந்தப்படும் மரவாளும், திரைப்படத்தில் மின்னும் கற்பனை வாளும், அதனைப் பார்த்துச் செய்யப்படும் படிவாளும் எவ்வளவுக்கு மெய்யானவை? அவற்றைச் சேகரிப்போர் தோற்றத்தின் மெய்ம்மையைப் பேணுவதா, பயன்பாட்டைப் பேணுவதா? பதுளையிலிருந்து லுணுகலைக்கும் மொனராகலைக்கும் செல்லும் வழியில், நமுனுகுல மலைத்தொடரை அண்டி அமைந்த பசறையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவினை ஆராய்வது பயனுடையது. ஏனெனில் இரும்பு, அரசு, உழைப்பு, கூத்து ஆகிய நான்கும் வாளொடு தொடர்புற்ற வரலாறு ஊவா நாட்டுக்கு உண்டு.

திரைவாளும் அதன் படியும்

கற்பனைத் திரைப்படங்களில் வரும் வாள்களின் படிகளைச் சேகரிக்கும் வழக்கம் அண்மைப் பதின்மங்களில் மேலைநாடுகளில் பெரிதும் பரவியது. 1982இல் வெளிவந்த 'கோனன்' படமும், 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக வந்த 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' படமும் இவ்வழக்கத்துக்குப் பெரும் ஊக்கம் அளித்தன. பின்னைய படத்துக்கான படைக்கலங்கள் நியூசிலாந்தின் வேற்றா பட்டறையில் செய்யப்பட்டன. அங்கு பீற்றர் லையன் என்னும் வாட்கம்மியர் அண்மைக் காட்சிகளுக்கென உருக்கினாலேயே வாள்களை அடித்தார். சண்டைக் காட்சிகளுக்கு எடை குறைந்த அலுமினிய வாள்களும், கூட்டமாக ஓடுவோருக்கும் குதிரையிலிருந்து விழுவோருக்கும் இறப்பர் போன்ற மென்பொருளாலான வாள்களும் வார்க்கப்பட்டன.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். திரையில் ஒருவாளாகத் தோன்றுவது களத்தில் மூன்று வாள்களாக இருந்தது. ஒன்று கண்ணுக்கு உரியது. ஒன்று கைக்கு உரியது. மற்றொன்று உயிர்க்காப்புக்கு உரியது. ஆகவே படிவாள் வாங்குவோன் 'மூலத்தைப் போன்றது' என்று கூறுங்கால், எந்த மூலத்தைப் போன்றது என்னும் வினா உடன் எழுகின்றது.

கடைகளில் விற்கப்படும் படிவாள்களிற் பெரும்பாலானவை துருப்பிடியா உருக்காலானவை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த இவ்வுருக்கு பளபளப்பில் நிலைத்து நிற்கும். சிறு கத்திக்கும் ஏற்றது. ஆயின் வாளின் நீளத்துக்கு அடிக்கப்படும்போது, வேகமாக வீசி மோதுமிடத்து முறியும் இயல்பினது. மேலும், அலகின் வாற்பகுதி பிடிக்குள் முழு அகலத்துடன் செல்லாது, மெல்லிய கம்பியாக ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. இத்தகைய வாளை வீசினால் அலகு பிடியினின்றும் கழன்று பிறர் மீது பாயக்கூடும். சுவருக்கு அணியாக இருக்கும் வாள் கைக்குப் பகையாகின்றது. மாறாக, கரி சேர்ந்த உருக்கினால் முறையாகக் காய்ச்சித் தோய்த்துப் பதமிட்ட வாள் வளைந்து நிமிரும். ஆனால் எண்ணெயிட்டுத் துடைக்காவிடின் துருவேறும். நெய் பூசப்பட்ட தொண்டைமான் படைக்கலங்களின் பொருள் இவ்விடத்து மீண்டும் விளங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரலாற்று வாளின் படியை, அகழ்வில் கிடைத்த மூலத்தோடு ஒப்பிடலாம். ஒற்றைக் கையால் ஏந்தப்பட்ட இடைக்கால ஐரோப்பிய வாள்களிற் பல 1 முதல் 1.5 கிலோ கிராம் எடைக்குள் அமைந்தவை என்பது அவ்வாறு அளந்து அறியப்பட்டதே. கற்பனை வாளுக்கோ அத்தகைய மூலம் இல்லை. அதன் மூலமும் ஒரு நடிப்புக் கருவியே. ஆதலால் அதன் மெய்ம்மை கதைக்கும் காட்சிக்கும் அது எவ்வளவு உண்மையாக உள்ளது என்பதைப் பொறுத்தது. இக்கருத்து கூத்து வாளுக்கும் முற்றும் பொருந்துவதாகும்.

ஊவா எல்லையின் உருக்கு

கூத்து வாளை நோக்குமுன், அது ஏந்தப்படும் மண்ணின் இரும்பு வரலாற்றை அறிதல் வேண்டும். மத்திய மலைநாட்டின் தென்சரிவில், சமனலவாவிப் பகுதியில் பண்டைய இரும்புருக்கு உலைகள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆய்வாளர் கில் யூலெவ் அவற்றை அகழ்ந்து ஆராய்ந்தார். பண்டைய முறைப்படி உலையமைத்துச் சோதனையும் நடத்தித் தம் முடிவுகளை 1996இல் வெளியிட்டார். மலைச்சரிவின் விளிம்பில் மேற்குநோக்கி அமைக்கப்பட்ட அவ்வுலைகள் துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமையினாலேயே இயங்கின. கி.பி. முதலாம் ஆயிரவாண்டின் பிற்பகுதியில் அத்தொழில் சிறந்திருந்தது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிடுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தொழில் மறையும் தறுவாயில் அதன் எச்சங்களைப் பதிவு செய்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்த அவர், 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கைவினைஞரின் பொருள்களோடு அவர்தம் வாழ்வையும் தொழில்முறையையும் சேர்த்தே விவரித்தார். பொருளை மட்டும் எடுத்துப் பேணினால், செய்த கையின் அறிவு அழிந்துபோகும் என்னும் கவலை அந்நூல் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது.

கஸ்தானேயும் 1817ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

கண்டி அரசின் பெயர்பெற்ற வாள் 'கஸ்தானே' எனப்படுவது. சிங்கமுகமும் மகரமுகமும் செதுக்கிய பிடியும், குறுகி வளைந்த ஒருபக்கக் கூரலகும் அதன் அடையாளங்கள். பொன், வெள்ளி, மணி ஆகியன பதித்த சிறந்த வாள்கள் அரசனின் பட்டறைகளைச் சேர்ந்த கம்மியரின் கைவண்ணமாகும். நூதனசாலைகளில் உள்ள கஸ்தானே வாள்கள் சிலவற்றின் அலகில் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை காணப்படுகின்றது. பிடி உள்ளூர்க் கலை. அலகு கடல்கடந்து வந்த பொருள். எனினும் அதனைப் போலி என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனில் அவ்வாளின் முதன்மைப் பயன் வெட்டுதல் அன்று, ஏந்துவோனின் பதவியை உணர்த்துதலே. அப்பயனை அது பிழையறச் செய்தது. கண்டி எசலப் பெரகராவின் நிறைவில் கெட்டம்பேயில் மகாவலி நீரைப் பொன்வாளால் வெட்டும் சடங்கினையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். நீரை வெட்டக் கூர்முனை வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வாள் தனக்குரிய பணியைச் செய்கின்றது.

மெய்ம்மைக்கும் பயனுக்கும் இடையிலான இழுபறி ஊவாவின் அரசியல் வரலாற்றிலும் உண்டு. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இல் வெல்லஸ்ஸவிலும் ஊவாவிலும் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியாளர் அரசனாக முன்னிறுத்திய ஒருவர், பதவியிழந்த நாயக்க மன்னரின் உறவினரான துரைசாமி என அறிவிக்கப்பட்டார். உண்மையில் அவர் வில்பாவே என்னும் சிங்களவர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெற்றிப்பொல திசாவை, ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். அவ்வாயுதங்கள் பயனில் சிறந்தவை. அவரை அவை ஏந்தச் செய்யும் உரிமையோ மெய்யானதன்று. படியாக வந்த அரசனுக்காக மக்கள் உயிர்துறந்தனர்; மெய்யான துப்பாக்கிகள் திருப்பியனுப்பப்பட்டன. 1818 நவம்பர் 26இல் கெப்பெற்றிப்பொல கண்டியில் கொல்லப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சேகரிப்புப் பொருளாக வைக்கப்பட்டிருந்து, இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே திரும்பியது. சேகரிப்பு என்னும் செயலுக்கு இத்தகைய கொடிய முகமும் உண்டு என்பது மறக்கற்பாலதன்று.

1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது கவர்ந்த லெவ்கே பீரங்கியும், பொன் கஸ்தானேயும், வெள்ளிக் கஸ்தானேயும் உள்ளிட்ட ஆறு பொருள்கள் அம்ஸ்ரடாம் நூதனசாலையிலிருந்து 2023இல் இலங்கைக்கு மீண்டன. இரண்டரை நூற்றாண்டுகளாக எவரும் அவ்வாள்களை ஏந்தவில்லை. ஏந்தும் பதவிகளும் மறைந்துவிட்டன. ஆயினும் அவற்றின் மீட்சி பெருநிகழ்ச்சியாகக் கொள்ளப்பட்டது. ஓர் இனத்தின் கைப்பொருள் யாருடைய பெட்டகத்தில் இருக்கின்றது என்பது அற்பமான வினா அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோட்டத்தின் கத்தியும் கூத்தின் வாளும்

கோப்பிப் பயிருடன் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மலைநாட்டுக்கு வந்தவர்கள் வாளுடன் வரவில்லை. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. இருப்புப்பாதை 1924இல் பதுளையை அடைந்தது. தோட்டத்தில் தொழிலாளியின் கைக்கு எட்டிய உருக்கு, கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் முள்ளும் அலவாங்குமே. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டும் கவ்வாத்துக் கத்தி மிகக் கூர்மையானது; ஒரே வீச்சில் கிளையைப் பிளவின்றிச் சீவ வேண்டியது. கூர்மையில் அதற்கு நிகரான அலகு தோட்டத்தில் வேறில்லை. ஆயினும் கூத்தில் அரசனாக வருபவன் அதனை ஏந்துவதில்லை, மரவாளையே ஏந்துகின்றான்.

மலையகத் தோட்டங்களில் சிறப்புற்ற கூத்துகள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றாகும். மூன்றிலும் படைக்கலம் உண்டு. ஆனால் அதன் தன்மை வேறுபடும். மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதனுக்கு உரியவை கரும்பு வில்லும் மலர்க்கணையும். உலகில் எந்தப் போரிலும் பயன்படாத படைக்கலம் அது. கதைக்கு வெளியே அதற்கு மூலமே இல்லை. அருச்சுனன் தபசில் பாசுபதம் பெறவே உயர்ந்த கம்பத்தில் ஏறுகின்றான் வீரன். அவன் வேண்டும் அப்படைக்கலமோ தெய்வத்தின் அருளாக வருவது. பொன்னர் சங்கர் கூத்திலோ வாள் உயிர்நாடியாகும். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையிலிருந்து பிறந்த இக்கூத்தில், வீரர் தம் வாளாலேயே களத்தில் மடிகின்றனர். உடுக்கொலியில் களம் உணர்ச்சி மிகும் வேளையில் ஆடுவோரும் பார்ப்போரும் நெருங்கி நிற்பர். அங்கு கூரிய அலகு ஏந்தினால் கதையின் சாவு மெய்ச்சாவாகிவிடும்.

எனவே கூத்து வாள் நான்கு நியதிகளுக்கு உட்பட்டது. முதலாவது, இரவு முழுவதும் சுழற்றி ஆடுவதற்கு ஏற்ற எடைக்குறைவு. இரண்டாவது, பந்தம் அல்லது பெற்றோல்மக்ஸ் விளக்கின் ஒளியில் தொலைவில் இருப்போர்க்கும் வாளெனத் தெரியும் அகலமும் பளபளப்பும். மூன்றாவது, மோதுங்கால் முறியாத உறுதி. நான்காவது, மேனியிற் பட்டால் ஊறு செய்யாத மழுங்கல். இந்நான்கும் ஒன்றையொன்று எதிர்ப்பன. அகலம் கூடின் எடை கூடும். எடை குறையின் உறுதி குறையும். தோட்டங்களில் நிழலுக்கு நடப்பட்ட முள்முருக்கு மிக இலேசான மரம். ஆயின் விரைவிற் பிளக்கும். சவுக்கு உறுதியானது, ஆயின் விடியும் வரை தாங்குதல் கைக்கு வருத்தம். கூத்து வாத்தியாரும் தச்சரும் கண்ட இடைவழியே அவ்வாளின் வடிவம். நியூசிலாந்துப் பட்டறை மூன்று வாள்களாகப் பிரித்துத் தீர்த்த சிக்கலை, தோட்டத்துக் கைவினைஞர் ஒரே வாளில் தீர்க்க வேண்டியிருந்தது.

அவ்வாளுக்குப் பிறிதொரு மெய்ம்மையும் உண்டு. பகலில் பேர்போட்டு எண்ணப்படும் கூலி, இரவில் சங்கராக நின்று நாட்டையும் நீதியையும் பற்றிப் பாடினான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை அற்றவராக்கப்பட்ட மக்களிடையே அக்காட்சி வெறும் பொழுதுபோக்காக இருந்திருத்தல் இயலாது. ஆயுதபூசை நாளில் கவ்வாத்துக் கத்திக்கும் தொழிற்சாலைப் பொறிக்கும் பொட்டிடும் மரபு, உழைக்கும் கருவியைத் தெய்வமாகக் காண்பது. கூத்து வாளை வணங்கி ஏந்தும் மரபோ, வேறெந்தப் பயனும் அற்ற ஒரு மரத்துண்டை உழைக்கும் கருவியாகக் காண்பது.

திரையின் சாயல்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்த் திரைப்படம் மலையக நகரங்களை ஈர்த்தது. 1948இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'சந்திரலேகா'வின் இறுதியில், ரஞ்சனும் எம். கே. ராதாவும் நெடுநேரம் புரியும் வாட்போர் பெரும்புகழ் பெற்றது. நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்து நாடகக் கம்பனியில் வளர்ந்த எம். ஜி. ஆர்., 'மர்மயோகி' (1951), 'நாடோடி மன்னன்' (1958) முதலிய படங்களினால் வாள்வீரராகவே மக்கள் மனத்தில் பதிந்தார். மலைநாட்டில் பிறந்த ஒருவர் திரையில் அரசனுக்கு எதிராக வாளெடுத்தமை தோட்ட மக்களுக்கு அணுக்கமாக இருந்தமை வியப்பன்று. திரைப்பாடல் மெட்டும் திரை உடையும் கூத்தினுட் புகுந்தபோது வாளின் வடிவமும் தப்பவில்லை. இவ்வாறு மரவாள், திரைவாளின் படியாக மாறலாயிற்று; திரைவாளோ பழைய நாடக மேடை வாளின் வழிவந்தது. எது மூலம், எது படி என்று பிரித்தல் எளிதன்று. வெற்று வீரம் பேசுவோரை 'அட்டைக்கத்தி வீரர்' என எள்ளும் வழக்கு நம்மிடையே உண்டு. ஆனால் அட்டைக்கத்தியை ஏந்தி விடியும்வரை ஆடுவதற்கு வேண்டிய பயிற்சியை அவ்வழக்கு கருதுவதில்லை.

மரபைப் பேணுவோர் இம்மாற்றத்தைக் கண்டு வருந்துவது இயல்பே. எனினும் மாற்றம் யாவும் அழிவு அன்று என்பதற்கு ஈழத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கி நவீன அரங்குக்கு ஏற்ப அமைத்தார். ஆட்டமும் பாட்டும் மரபுவழி நின்றன. காலமும் களமும் மாறின. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதை அறிந்து செய்தமையே அம்முயற்சியின் சிறப்பு. யாழ்ப்பாணத்தில் வி. வி. வைரமுத்து நடித்துப் புகழ்பெற்ற அரிச்சந்திர மயான காண்டத்திலும் வாள் ஓங்கப்படுகின்றது. அவ்வாள் எந்த மரத்தாலானது என்று அவையோர் வினவியதில்லை. ஓங்கிய கையின் நடுக்கத்தையே கண்டனர்.

சேகரிப்போர் கடமை

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது கூத்தறிந்த குடும்பங்களும் பிரிந்தன. 1983 யூலைக் கலவரம் பதுளையையும் எரித்தது. இன்று திருவிழாக் கடைகளில் திரைவாளைப் போன்ற பிளாத்திக்கு வாள் எளிதிற் கிடைக்கின்றது. அது இலேசானது; ஊறு செய்யாதது; பளபளப்பானது. கூத்து வாளின் நான்கு நியதிகளுள் மூன்றினை அது நிறைவு செய்கின்றது. ஆனால் அதனைச் செய்த கை களத்தின் கையன்று. முறிந்தால் செப்பனிட இயலாது. எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கவே இயலும்.

நூதனசாலைகளில் கஸ்தானேக்கு உரிய இடம் உண்டு. தோட்டத்துக் கூத்து வாளுக்கு அத்தகைய இடம் கிடைத்ததில்லை. அதற்காகத் தோட்டந்தோறும் சென்று மரவாள்களை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடைத்தல் தீர்வாகாது. அது தொண்டைமான் வழி. ஆடுவோரிடமிருந்து வாளைப் பிரித்தால் எஞ்சுவது வண்ணம் பூசிய பலகையே. மூலம் களத்தில் நிற்க, அதன் படி நூதனசாலையில் இருத்தலே இவ்விடத்து முறையாகும். வாளின் நீளம், எடை, மரம், பூச்சு, பிடியின் அமைப்பு, செய்த முறை, ஏந்தும் பாத்திரம், களத்தில் அதற்குரிய சடங்கு ஆகியவற்றை அளந்தும் கேட்டும் எழுதி வைத்தல் வேண்டும். செய்வோர் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கொண்டு ஒரு படியைச் செய்வித்து, செய்யும் முறையினையும் படம்பிடித்தல் வேண்டும். பதுளையில் 2005இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கு இப்பணி கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.

கூத்து வாள் ஆண்டுதோறும் தேய்வது, முனை உடைவது, பூச்சு உதிர்வது. மறு மாசிக்கு முன் அது மீண்டும் சீவப்பட்டு வண்ணம் பெறும். சீவ இயலாதாயின் அதனை அளவாக வைத்துப் புதியதொன்று செதுக்கப்படும். முனை சிதைந்து பட்டறையில் கிடந்த அதியமானின் வேல்களுக்கு உறவானது இதுவே. தச்சர் கையில் அது கிடக்கும்வரை கூத்தும் நின்றுவிடவில்லை என்று கொள்ளலாம்.